பேக்டிக் போதாது

மென்பொருள் கையேடு எழுதுகிறவர்களிடம் ஒரு கருத்து எதிர்ப்பே இல்லாமல் நிலைத்துவிட்டது. கட்டளை வரியில் தட்ட வேண்டியது எதுவானாலும் இரு பக்கமும் ஒரு பேக்டிக் குறி (`) போட்டால் போதும் என்கிறார்கள். கட்டளையின் பெயருக்கும் அதே பேக்டிக், ஆப்ஷனுக்கும் அதே. ஆப்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புக்கும், வாசகர் தன் கோப்பின் பெயரை இட்டு நிரப்ப வேண்டிய இடத்துக்கும் அதேதான். ‘இது ஆப்ஷன்’, ‘இது நிரப்பும் இடம்’ என்று ஒவ்வொன்றையும் அதன் பெயரால் அடையாளமிடுவது பழைய ஆட்களின் பிடிவாதமாம், எழுதுபவரின் நேரத்தைத் தின்னும் வேலையாம். இதை நான் முழுவதுமாக மறுக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதினாலே இது தவறு. தமிழில் எழுதும்போது இது வாசகருக்குச் செய்யும் தீங்கு.

எதிர்த்தரப்பின் வாதங்கள் வலுவில்லாதவை அல்ல. வாசகரின் கண்ணில் படுவது சம அகல எழுத்து மட்டும்தான், உள்ளே என்ன பெயரிட்டு வைத்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை என்பது ஒன்று. குறியீடுகள் பெருகினால் தன்னார்வலர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்பது இன்னொன்று. தேடிக் கண்டுபிடிக்க முழு உரைத் தேடல் இருக்கிறதே என்பார்கள். எது ஆப்ஷன் என்பதை முன்னால் நிற்கும் ஹைபனைப் பார்த்தே மனிதரும் இயந்திரமும் தெரிந்துகொள்ளலாமே என்றும் கேட்பார்கள்.

கடைசி வாதம் முதலில் விழுகிறது. ஹைபன் இருந்தால் ஆப்ஷன், இல்லாவிட்டால் ஆப்ஷன் இல்லை என்பது யூனிக்ஸில் எந்தக் காலத்திலும் உண்மையாக இருந்ததில்லை. வட்டை நகலெடுக்கும் டிடி கட்டளைக்கு ஆப்ஷன்கள் ஹைபன் இல்லாமலேயே, சமக்குறியோடு வருகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் பணிகளைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் ‘ஏயுஎக்ஸ்’ என்று எழுதுவதும் ‘-ஏயுஎக்ஸ்’ என்று எழுதுவதும் ஒன்றல்ல. தரநிலைப்படி இரண்டாவதற்கு ‘எக்ஸ்’ என்ற பெயருள்ள பயனரின் பணிகள் எல்லாம் என்று பொருள் வந்துவிடும். ஒற்றை ஹைபன் தனியே நின்றால் அது பல கட்டளைகளில் ஆப்ஷனே அல்ல, உள்ளீட்டை விசைப்பலகையிலிருந்தோ முந்தைய கட்டளையிலிருந்தோ எடுத்துக்கொள் என்று சொல்வது. இரட்டை ஹைபன் தனியே நின்றால் இத்தோடு ஆப்ஷன்கள் முடிந்தன என்று பொருள். ஹைபனில் தொடங்கும் கோப்புப் பெயர்களும் உண்டு, எதிர்ம எண்களும் உண்டு. இவை எல்லாவற்றின் மேலும் பேக்டிக் தரும் ஒரே சாம்பல் நிறப் பட்டையைப் போட்டுவிட்டு ‘வாசகர் கண்டுகொள்வார்’ என்று சொல்வது, எழுதுபவர் செய்ய வேண்டிய வேலையை வாசகரின் தலையில் கட்டுவது.

தேடல் வாதமும் நிற்காது. இணையத் தேடலில் ஒரு சொல்லின் முன்னால் ஹைபன் வைத்தால் அந்தச் சொல் உள்ள பக்கங்களை விலக்கு என்று அர்த்தமாகிறது. கணினிக்குள் கிரெப் கட்டளையால் தேடினாலோ, தேடும் சொல்லையே அது தனக்கான ஆப்ஷனாக எடுத்துக்கொள்கிறது. முழு உரைத் தேடல் மிக மோசமாகக் கைவிடுவது ஆப்ஷன்களைத்தான். மாறாக, ஓபன்பிஎஸ்டி அமைப்பில் கையேட்டுப் பக்கங்களைத் தேடும் அப்ரோபோஸ் கட்டளையிடம் ‘இந்த எழுத்தை ஆப்ஷனாகக் கொண்ட பக்கங்களை மட்டும் கொடு’ என்று கேட்க முடியும். அங்கே எழுதியவர்கள் ஆப்ஷனை ஆப்ஷன் என்று பெயரிட்டு வைத்தார்கள், அதனால் முடிகிறது.

இந்தப் பெயரிடல் நேற்று வந்த ஆடம்பரம் அல்ல. முதல் யூனிக்ஸ் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டு வெளிவந்தது. 1979இல் வந்த ஏழாம் பதிப்பில், மேன் பக்கங்கள் எனப்படும் கையேட்டுப் பக்கங்களுக்கென்று மேன் மேக்ரோக்கள், அதாவது வடிவமைப்புக் கட்டளைகள், சேர்ந்தன. அவை தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து என்று தோற்றத்தைத்தான் சொல்லின, பொருளைச் சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் பெர்க்லியில் பணியாற்றிய சிந்தியா லிவிங்ஸ்டன். அவர் உருவாக்கிய எம்டாக் மேக்ரோக்களில் ஆப்ஷனுக்கு ஒன்று, அதற்குத் தரும் மதிப்புக்கு ஒன்று, கட்டளையின் பெயருக்கு ஒன்று, விருப்பமிருந்தால் மட்டும் எழுதக்கூடிய பகுதிக்கு ஒன்று என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. 1991இல் ஹால் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸும் ஓ’ரெய்லியும் சேர்ந்து தொடங்கிய டாக்புக்கிலும், ஜிஎன்யூ திட்டத்தின் டெக்ஸ்இன்ஃபோவிலும், பைத்தான் ஆவணங்களுக்காக 2008இல் வந்த ஸ்ஃபிங்ஸிலும் இதே பிரிவினை இருக்கிறது. இணையப் பக்கத்தின் எச்டிஎம்எல்லிலேயே 1995ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு முதல் நிரல், தட்டச்சு, வெளியீடு, நிரப்பும் இடம் என்று நான்கு தனி அடையாளங்கள் இருக்கின்றன. 2004இல் வந்த மார்க்டவுன் இந்த நான்கையும் ஒரு பேக்டிக்குக்குள் அடைத்தது. விரைவாகக் குறிப்பு எழுத அது நல்ல கருவி, அதில் எனக்குச் சண்டை இல்லை. அதையே கையேட்டுக்கான அளவுகோலாக்கியதுதான் பிழை.

எம்டாக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. அதில் ஒற்றை எழுத்து ஆப்ஷனை எழுதுபவர் ஹைபனைத் தட்டுவதே இல்லை. ‘இது ஆப்ஷன்’ என்று மட்டும் சொல்கிறார், ஹைபனை மேக்ரோ போட்டுக்கொள்கிறது. இதன் அருமை 2023 ஜூலையில் க்ரோஃப் 1.23 வெளிவந்தபோது தெரிந்தது. மேன் பக்கங்களைத் திரைக்கு வடிக்கும் அந்த நிரல், மூலத்தில் வெறுமனே தட்டிய ஹைபனை அச்சுக்கலைக்குரிய உண்மையான ஹைபனாகக் காட்டத் தொடங்கியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் யூனிகோடில் அவை வேறு வேறு எழுத்துகள். டெர்மினலுக்குப் புரியும் ஹைபன் அது அல்ல. பக்கத்திலிருந்து ஆப்ஷனை நகலெடுத்து ஒட்டினால் கட்டளை ஏற்காது, பக்கத்துக்குள் தேடினாலும் அகப்படாது. சர்ச்சை எழுந்தது. டெபியன் தன் பங்குக்கு அந்த நடத்தையைத் தன் அமைப்பில் மாற்றி வைத்தது. சிக்கிக்கொண்டவை, ஆப்ஷனைத் தோற்றத்தால் மட்டும் காட்டி ஹைபனைக் கையால் தட்டியிருந்த பக்கங்கள். ஆப்ஷனை ஆப்ஷன் என்று சொல்லியிருந்த எம்டாக் பக்கங்களில், மேக்ரோ போட்ட ஹைபன் சரியான எழுத்தாகத் தானாகவே வந்தது.

இதே நோயின் நம்மூர் வடிவத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். நான் வசிக்கும் மும்பை அணுசக்தி நகரில், கல்லூரியில் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு மாலையில் லினக்ஸ் சொல்லித்தருகிறேன். செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் வருகிறவர்களும் உண்டு. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்து வந்தவர்கள் அவர்கள். ஆங்கிலக் கையேட்டை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள், அதனால் தமிழில் ஒரு தாள் கிடைத்தால் அதை விடமாட்டார்கள். ஒரு பயிற்சி நிலையம் கொடுத்த தமிழ்க் குறிப்பு ஒன்றில் இரட்டை ஹைபன்கள் எல்லாம் நீள்கோடுகளாகியிருந்தன. வேர்டு செயலி அப்படித்தான் மாற்றும். பிள்ளைகள் தாளில் உள்ளதை அப்படியே தட்டினார்கள், ஒரு கோடு, ஒரு சொல். கணினி ஏற்கவில்லை. ‘அண்ணா, எனக்கு இது வராதுபோல’ என்றாள் ஒருத்தி. அந்தப் பெண் தட்டியதில் தவறு எதுவும் இல்லை. தாள்தான் பொய் சொன்னது.

பேக்டிக் இந்த நீள்கோட்டிலிருந்து காக்கும் என்று பதில் வரும். மார்க்டவுன் கோப்புக்குள் இருக்கும்வரை காக்கும். ஆனால் நிரப்பும் இடத்தை அது காக்காது. பேக்டிக்குக்குள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிவதால், எது தன் பெயரை இட வேண்டிய இடம் என்று காட்ட எழுதுபவர்கள் கோண அடைப்புக்குறியைத் துணைக்கு அழைக்கிறார்கள். டெர்மினலில் அந்தக் குறிகளுக்கு வேறு பொருள் உண்டு. இடப்பக்கம் திரும்பியது ‘இந்தக் கோப்பிலிருந்து படி’, வலப்பக்கம் திரும்பியது ‘இந்தக் கோப்பில் எழுது’. ‘சார்ட் <தரவு> அறிக்கை’ என்று ஒரு குறிப்பில் இருக்கிறது என்று வையுங்கள். புதியவர் உள்ளே இருக்கும் பெயரை ஒழுங்காக மாற்றிவிட்டு, அடைப்புக்குறியை மட்டும் விட்டுவைக்கிறார். தரவுக் கோப்பு இருப்பதால் அது படிக்கப்படுகிறது, அறிக்கைக் கோப்பில் ஏற்கெனவே இருந்தது அழிந்து அதன்மேல் புதிதாக எழுதப்படுகிறது. எச்சரிக்கை கிடையாது, கேள்வி கிடையாது. நிரப்பும் இடத்துக்கு அதற்குரிய அடையாளம் இட்டிருந்தால் இந்த அடைப்புக்குறியே தேவைப்பட்டிருக்காது. அடிக்கோடோ நிறமோ அந்த வேலையைச் செய்திருக்கும். கிட் திட்டத்தின் கையேடுகளில்கூட அண்மை ஆண்டுகளில் அப்படியே தட்ட வேண்டியதையும் நிரப்ப வேண்டியதையும் வேறு வேறாக அடையாளமிடும்படி விதி வகுத்து, பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருத்தி வருகிறார்கள். அவர்கள் வேலையற்றவர்கள் அல்லர்.

தமிழுக்கு வருவோம், ஏனென்றால் என் கோபம் இங்கேதான். ஆங்கிலக் கையேட்டின் மரபு, அப்படியே தட்டுவது தடித்த எழுத்து, நிரப்புவது சாய்ந்த எழுத்து. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாய்ந்த வடிவம் என்று தனியே வரைந்தது கிடையாது. நேர் எழுத்தைக் கணினி ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். சாய்வைப் பார்த்து ‘இது நான் மாற்ற வேண்டியது’ என்று உணரும் பழக்கமும் தமிழ் வாசகருக்கு இல்லை. சம அகல எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துகளே இல்லை. பேக்டிக்குக்குள் நிரப்பும் இடத்தைத் தமிழில் எழுதினால், உலாவி அந்தச் சொல்லுக்கு மட்டும் வேறொரு தமிழ் எழுத்துருவைத் தேடி எடுக்கிறது. அது பெரும்பாலும் சுற்றியுள்ள உரைநடையின் எழுத்துருவாகவே இருக்கும். கட்டளையின் ஒரு பகுதி கட்டளைபோலவும் மறுபகுதி வாக்கியம்போலவும் தெரியும்.

இதோடு வேற்றுமை உருபு சேரும்போது நிலைமை முற்றுகிறது. தமிழில் பெயர்ச்சொல் தனியே நிற்பது அரிது. ஐ, ஆல், இல், உடன் என்று ஏதாவது ஒட்டும். அயற்சொல்லோடு உருபைச் சேர்க்க நாம் இடையில் போடுவது ஹைபன். ‘--ஃபோர்ஸ்-ஐப் பயன்படுத்தினால்’ என்று அச்சில் பார்க்கிறோம். ஆப்ஷனின் தொடக்கத்தைக் காட்டும் அதே கோடு, அதன் முடிவில் இலக்கணத்துக்காக வந்து நிற்கிறது. இருமுறை சொடுக்கி நகலெடுத்தால் அந்தக் கடைசிக் கோடும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. உண்மையிலேயே ஹைபனில் முடியும் கட்டளைகள் இருக்கின்றன. வேறொரு பயனராக முழுமையாக நுழைய ‘எஸ்யு -’ என்று தட்ட வேண்டும். அதனோடு இரண்டாம் வேற்றுமையைச் சேருங்கள்: ‘எஸ்யு --ஐ’. இப்போது வாசகர் கையில் இருப்பது வேறொரு கட்டளை. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தச் சிக்கல் வருவதே இல்லை. ஆகவே அவர் ‘பேக்டிக் போதும்’ என்று சொல்வதை நாம் கண்ணை மூடிக்கொண்டு கடன் வாங்கக் கூடாது. நமக்குத் தேவை, எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, இந்தத் துண்டு என்ன வகை என்று மூலத்திலேயே சொல்லி வைப்பது. பெயரிட்டு வைத்தால் தோற்றத்தைப் பிறகு தமிழுக்குப் பொருந்தும்படி ஒரே இடத்தில் முடிவு செய்துகொள்ளலாம். சாய்வு வேண்டாம், பெட்டி போடலாம், நிறம் கொடுக்கலாம். பேக்டிக் மட்டும் இட்ட ஆயிரம் வரிகளில் இந்தத் திருத்தத்தை எந்த நிரலாலும் நம்பிக்கையோடு செய்ய முடியாது. எது எது என்று அதற்குத் தெரியாது.

இதற்கு ஒரு சான்று மும்பையிலேயே இருக்கிறது. பவாயில் உள்ள ஐஐடி பம்பாயில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னெடுத்த ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், லினக்ஸ் கட்டளைகள் முதல் சைலேப், லேடெக் வரை பலவற்றுக்குச் சிறு ஒளிப்பதிவுப் பாடங்களை உருவாக்கி, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் குரல் சேர்த்து வெளியிட்டது. குரலுக்குச் சம அகல எழுத்து இல்லை, சாம்பல் பட்டை இல்லை. ஆகவே பாடத்தைப் படிப்பவர் ‘எல்எஸ் ஸ்பேஸ் ஹைபன் எல்’ என்று ஒவ்வொரு துண்டையும் பெயர் சொல்லிப் படிக்கிறார். இடைவெளிக்குக்கூட ஒரு பெயர். அது மிகை என்று நினைப்பவர்கள் 2011இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் மென்பொருளின் நிறுவல் நிரலில் நடந்ததை நினைத்துப் பார்க்கட்டும். அழிக்கும் கட்டளை ஒன்றில், ஒரு பாதையின் நடுவே தவறி விழுந்த ஒற்றை இடைவெளி, பயனர்களின் கணினிகளில் யுஎஸ்ஆர் கோப்புறை முழுவதையும் அழித்தது. காதால் மட்டும் கற்கிறவருக்கு அந்தத் திட்டத்தார் கொடுத்த துல்லியத்தை, கண்ணால் படிக்கிறவருக்கு எழுத்தாளர்களாகிய நாம் கொடுக்கவில்லை. கண் தெரியாத வாசகருக்கோ இன்னும் மோசம். திரைவாசிப்பு மென்பொருள்கள் பலவும் வழக்கமான அமைப்பில் ஹைபனைப் படிக்காமல் தாண்டிவிடும். ஆப்ஷனின் பெயர் மட்டும் ஒரு சாதாரணச் சொல்லாக அவர் காதில் விழும். துண்டுகளுக்குப் பெயரிருந்தால் ஒலிக்கும் முறையையும் அதற்கேற்ப வகுக்க வழியுண்டு. வெறும் பட்டைக்கு ஒலி கிடையாது.

மொழிபெயர்ப்பாளரின் பாடும் இதில் அடங்கும். ஆவணங்களை மொழிபெயர்ப்புக்குப் பிரித்துக் கொடுக்கும் பிஓ4ஏ என்ற கருவி, மேன் பக்கத்திலிருந்து வரியை எடுத்துத் தரும்போது ‘இது தடித்தது, இது சாய்ந்தது’ என்று மட்டுமே சொல்ல முடிகிறது. தடித்த சொல் மொழிபெயர்க்கக் கூடாத ஆப்ஷனா, வெறும் அழுத்தமா என்று மொழிபெயர்ப்பவர் ஊகிக்க வேண்டும். டாக்புக்கிலிருந்து வந்த வரியிலோ ஆப்ஷன் ஆப்ஷன் என்றே நிற்கும், தொடாமல் விடலாம். நிரப்பும் இடம் நிரப்பும் இடம் என்றே நிற்கும், அதைத் தமிழாக்கலாம். எதை மொழிபெயர்க்கலாம், எதைக் கூடாது என்று ஆவணத்திலேயே குறித்து வைக்க டபிள்யு3சி 2007இலேயே ஒரு தரநிலையை வெளியிட்டு, 2013இல் அதைப் புதுப்பித்தது. இன்று இயந்திர மொழிபெயர்ப்புக்குப் பின்னால் ஓடுகிறவர்களுக்குத்தான் இந்த அடையாளங்கள் எல்லோரையும்விட அதிகம் தேவை.

அணுசக்தி நகரில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்கு எனக்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இயங்கும் நியாமக் பவன் இங்கே இருக்கிறது. அணுமின் நிலையங்களை நடத்தும் இந்திய அணுமின் கழகத்தின் தலைமையகமும் இங்கேதான். பக்கத்தில் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் 1990களிலிருந்து அனுபம் என்ற இணைக் கணினிகளைத் தானே உருவாக்கி வந்திருக்கிறது. நிலையத்தை இயக்கும் நடைமுறை ஏட்டில் எச்சரிக்கை வேறு, செய்ய வேண்டிய செயல் வேறு, கருவியின் அடையாள எண் வேறு, பார்த்துக் குறிக்க வேண்டிய அளவு வேறு. அவற்றை ஒரே எழுத்தில் அடித்துவிட்டு ‘இயக்குபவர் அனுபவசாலி, கண்டுகொள்வார்’ என்று சொன்னால் ஏற்க மாட்டார்கள். கட்டளை வரியும் இயக்கும் ஏடுதான். அதைப் படித்து ஒருவர் ஒரு செயலைச் செய்கிறார், செய்தது திரும்ப வராது.

செலவு வாதத்துக்கு வருகிறேன். டாக்புக்கின் குறிகள் நீளமானவை, கையால் எழுதுவது சலிப்பு என்பது உண்மை. 2021 ஜனவரியில் ஃப்ரீபிஎஸ்டி திட்டம் தன் பெரிய கையேட்டை டாக்புக்கிலிருந்து ஆஸ்கிடாக்குக்கு மாற்றியதை எதிர்த்தரப்பினர் காட்டுவார்கள். காட்டட்டும். அதே திட்டம், ஆப்ஷன்கள் வரையறுக்கப்படும் மேன் பக்கங்களை எம்டாக்கிலேயே வைத்திருக்கிறது. எங்கே துல்லியம் வேண்டும், எங்கே நெகிழலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தன்னார்வலர் ஓடிவிடுவார் என்ற அச்சத்துக்கும் வழி இருக்கிறது. அவர் பேக்டிக்கோடு எழுதிக் கொடுக்கட்டும், அடையாளமிடுவது பதிப்பாசிரியரின் வேலை. அச்சுப் பிழையைத் திருத்தும் பொறுப்பை எப்படி ஏற்கிறோமோ அப்படியே இதையும் ஏற்க வேண்டும். கற்க வேண்டிய பெயர்களோ ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

சரியாக அடையாளமிட்டால் கையேடு தானாக நல்லதாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. அந்தத் தரவுத்தளம் ஓடிய போஸ்ட்கிரெஸ்ஸின் காப்புநகல் கட்டளை ஒன்று சத்தமின்றிக் காத்திருக்கும் என்பது அதன் கையேட்டில் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்று அவர்களின் விசாரணை அறிக்கை பதிவு செய்தது. அந்தக் கையேடு டாக்புக்கில், ஆப்ஷன்கள் முறையாகப் பெயரிடப்பட்டு எழுதப்பட்டது. சொல்லாமல் விட்டதை எந்த அடையாளமும் ஈடு செய்யாது. ஆனால் சொன்னதையாவது வாசகர் பிழையின்றித் தட்டும்படி கொடுக்கலாமே. அது நம் கையில் இருக்கிறது.

தமிழில் கட்டற்ற மென்பொருளைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்று குறைவல்ல. கணியம் 2012இலிருந்து எளிய தமிழில் கட்டுரைகளும் மின்னூல்களும் வெளியிட்டு வருகிறது. அவற்றைப் படித்து வேலைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். அப்படி எழுதுகிறவர்களிடமும் பதிப்பிக்கிறவர்களிடமும் கேட்கிறேன். ஆப்ஷனையும் நிரப்பும் இடத்தையும் மூலக்கோப்பில் வேறு வேறு பெயரால் அடையாளமிடுங்கள். மார்க்டவுனிலேயே எழுதினாலும், நிரப்பும் இடத்துக்கு எச்டிஎம்எல் தரும் தனி அடையாளத்தைப் பேக்டிக்குக்கு வெளியே நேரடியாக எழுதலாம், தடை இல்லை. கோண அடைப்புக்குறியைக் கைவிடுங்கள். ஆப்ஷனோடு உருபை நேரே ஒட்டாமல் ‘என்ற ஆப்ஷனை’, ‘என்ற ஆப்ஷனோடு’ என்று எழுதுங்கள். அச்சுக்குப் போகும் முன் கோடுகளை ஒருமுறை டெர்மினலில் ஒட்டிச் சோதியுங்கள். உங்கள் தாளை நம்பி முதல் கட்டளையைத் தட்டப்போகிற பிள்ளைக்கு இவ்வளவையும் நீங்கள் செய்தே ஆக வேண்டும்.